வரிசை எண் 117

பட்டியலை அடித்தவள் நான்.
தக்கலை, நீர்வள அலுவலக மாடி,
காகிதம் பறக்கிற மூன்றாவது மேசை.
வரிசை எண், குளத்தின் பெயர், கிராமம், பரப்பு.
நானூற்றுப் பன்னிரண்டு குளங்கள்.
எல்லாவற்றிலும் தண்ணீர் கிடப்பதுபோல்
ஒரே எழுத்துரு.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த ஷிபின்தான் காட்டினான்:
"இதை பிரவுசர்ல ஏத்திப் பாருங்கக்கா.
யாரோட பக்கத்துலயும் யாரும் எழுதலாம்.
பக்கத்துக்காரன்ட்ட கேக்க வேண்டாம்."

ஏற்றினேன்.
என் பட்டியலுக்கு மஞ்சள் பிடித்திருந்தது.

23க்கு ஓரமாய் ஒருவர்:
இது இப்போது கல்யாண மண்டபம். பார்க்கிங் வசதி உண்டு.
58இல்: பாதிக்குமேல் பள்ளிக்கூட மைதானம்.
அதன் கீழே வேறொருவர்:
அதனால்தான் கிழக்கு கோல்போஸ்ட் வருஷாவருஷம் சாய்கிறது.
91இல் சண்டை. பட்டாவா, புறம்போக்கா,
பதினேழு பதில்கள்,
கடைசியில் யாரோ போட்ட ஒரு கொக்குப் படம்.
204இல்:
இந்தக் குளம் இருக்கிறது.
தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

117. ஈத்தவிளைக் குளம்.
அங்கே மட்டும் விரல் மெதுவாகப் போயிற்று.

பதினாலு டெம்போ செம்மண். நின்று எண்ணினேன்.
எழுதியவர் பெயர் 'மறுகால்' என்றிருந்தது.
அதற்குப் பதிலாக:
ஐப்பசியில் மட்டும் பழைய முகவரிக்கு வரும்.
மூன்றாவது குறிப்பில் மூன்றே சொற்கள்:
பச்சை கேட் வீடு.

ஏழு சென்ட். கூட்டுறவு வங்கியில் இன்னும் ஒன்பது வருஷக் கடன்.
கேட்டுக்குப் பச்சை வேண்டும் என்றது நான்தான்,
கிளாட்சன் சாம்பல் நிறம் கேட்டார்.

எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம்தான்.
அடுக்களைக்குள் நுழைவதற்கென்று
தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளவில்லை.
போன வருஷம் கேஸ் சிலிண்டர் மிதந்தது,
வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு சிலேபி மீன்
வீட்டு ஆள்போல் திரும்பிப் பார்த்தது.

பதில் எழுதினேன்:
வாங்கும்போது பத்திரத்தில்
அழித்தேன்.
எல்லோரும்தானே
அழித்தேன்.
நீங்கள் யார்
அதையும்.

சாரிடம் சொன்னேன். தன் மேசையில் திறந்து பார்த்தார்.
"பக்கத்துல ஒண்ணுமில்லியே."
ஒன்றுமில்லைதான். அவருடைய திரையில்
குளங்கள் குளித்து, தலை வாரி, வரிசையில் நின்றன.
என் திரைக்குக் கூட்டிவந்தேன்.
வெகுநேரம் படித்தார். டீயில் ஆடை படிந்தது.
"117ஐ எடுத்துருங்க,
கள நிலவரப்படின்னு போட்டு."
பால் காய்ச்சிய அன்று வந்திருந்தவர்தான்.
நல்ல குளிர்ச்சியான இடம் என்று
இரண்டு முறை சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

எடுத்தேன்.
118 ஒரு படி ஏறி 117 ஆயிற்று.
அதற்குக் கீழே கிடந்த இருநூற்றுத் தொண்ணூற்றைந்தும்
முனகாமல் ஏறின.

குறிப்புகள் மட்டும் போகவில்லை.
பக்கத்தின் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே
மூன்றும் தேங்கி நின்றன.
மேலே சாம்பல் எழுத்தில்:
இவை சுட்டிய வரி இப்பக்கத்தில் இல்லை.

ஐப்பசி பதினொன்று. இரவு இரண்டு பத்து.
கட்டிலிலிருந்து காலை இறக்கினேன்.
கிளாட்சன் இருட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
போனில் பக்கத்தைத் திறந்தேன்.
குறிப்பு எழுத, முதலில்
ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
எனக்கான வரியை நானே எடுத்துவிட்டேன்.
மேலே போனேன், தலைப்புவரைக்கும்.
'மாவட்ட நீர்நிலைகள்.'
அதில் 'நீர்நிலை' என்பதை மட்டும்
விரலால் இழுத்து மஞ்சளாக்கினேன்.
எழுதினேன்:

கணுக்கால் அளவு. ஏறுகிறது.
பச்சை கேட் வீட்டிலிருந்து,
பட்டியலை அடித்தவள்.